எல்லிஸின் முகம்

பாலைவன விழா முகாமில் தொங்கிய அந்தச் சேகண்டியை ரோவீனா முதன்முதலாகத் தட்டிப் பார்த்தபோது, ஓசை முழுசாக அடங்கின பிறகு தூரத்திலிருந்து இன்னொரு தட்டு திரும்பி வந்தது. எதிரொலி என்று நினைக்க வழியில்லை. அந்தக் காய்ந்த ஏரித்தரையில் சுவரோ பாறையோ கிடையாது. சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளைத் தரை, அதன்மேல் விழாவுக்கு வந்தவர்களின் கூடாரங்கள், அவற்றுக்கு அப்பால் ஒன்றுமே இல்லாத வெளி. ஓசை அந்த வெளியிலிருந்துதான் வந்தது. அதில் ஒரு தயக்கமும் இருந்தது, சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்லும் பிள்ளையின் குரலில் இருப்பது போல.

டெல்ஃபினிடம் சொன்னபோது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த விழாவில் யாராவது எதையாவது எப்போதும் தட்டிக்கொண்டுதான் இருப்பார்கள் என்றாள். டெல்ஃபின் ஓய்வுபெற்ற நர்ஸ். அந்த முகாமைக் கட்டி எழுப்பியவள் அவள்தான். சம்பளம் என்று அங்கே யாருக்கும் கிடையாது. வந்து சேர்ந்தவர்கள் எல்லோரும் சமைத்து, பாத்திரம் கழுவி, ஐஸ் சுமந்து, சேர்ந்து சாப்பிட்டு, வழியே போகிறவர்களுக்கு ஏதாவது ஒன்றைச் சும்மா கொடுக்க வேண்டும். இந்த முகாம் கொடுத்தது முகம் துடைத்துவிடுதல். பாலைவனத்தின் உப்புப்புழுதி வெறும் தண்ணீருக்கு அசையாது, பசை மாதிரி அப்பிக்கொள்ளும். வினிகர் கலந்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால்தான் விடும். புழுதிப்புயல் கிளம்பினால் சேகண்டி தட்ட வேண்டும். வழி தெரியாமல் நிற்பவர்கள் அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டு நிழலுக்கு வந்து சேர்வார்கள்.

இந்த இரண்டு வேலையையும் பல வருஷமாகச் செய்துவந்தவன் எல்லிஸ். ரோவீனாவின் ஒரே பிள்ளை.

ஒவ்வொரு கோடையிலும் அவன் கூப்பிடுவான். ஒரே ஒரு தடவை வாம்மா என்பான். மண்ணுல புரள நான் என்ன கழுதையா என்று அவள் சிரிப்பாள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள், பள்ளி திறக்கிற நேரத்தில் எப்படி வருவது என்று சாக்குச் சொல்வாள். போன குளிர்காலத்தில், பனி உறைந்த மலைப்பாதையில் அவன் வண்டி சறுக்கிப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. சவ அடக்கம் செய்கிறவர் நல்ல மனுஷர். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பெட்டியைத் திறக்க வேண்டாம், பழைய முகமே மனதில் இருக்கட்டும் என்றார். அவளும் சரி என்றுவிட்டாள். ஆனால் பழைய முகம் மனதில் நிற்கவில்லை. வசந்தம் வருவதற்குள் அது கலங்கிவிட்டது. புகைப்படத்தை எடுத்துப் பார்த்தால் யார் வீட்டுப் பையனோ சிரித்தான்.

அதனால்தான் இந்த வருஷம் விடுப்புப் போட்டுவிட்டு, அவன் இடத்தில் நான் வரட்டுமா என்று டெல்ஃபினிடம் கேட்டு வந்து சேர்ந்தாள். நுழைவாயிலில் யாரோ ஒரு ஆள் அவளைக் கட்டிக்கொண்டு, "வீட்டுக்கு வந்துட்டீங்க" என்றான். வருகிற எல்லோரிடமும் அதைத்தான் சொன்னான். அவள் வண்டிக்குள் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள்.

முகாமில் எல்லிஸுக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்திருந்தார்கள். தண்ணீர் குடிக்க மறந்துவிடுவானாம். சமையலைப் பார்த்துக்கொண்ட ஆர்லோ அவளிடம், "உங்க பையன் வெங்காயம் உரிச்சா அவன் அழ மாட்டான், அவ்வளவு மெதுவு. பசியில நாங்கதான் அழுவோம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்த வருஷத்திலேயே அதுதான் முதல் சிரிப்பு.

வேலை அவளுக்குப் பிடித்துப்போனது. கிழவர்கள், காதலர்கள், முதுகில் இறக்கை கட்டியவர்கள் என்று யார் யாரோ வந்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். வெள்ளைப் பூச்சுக்கு அடியிலிருந்து மெல்ல ஒரு முகம் வெளியே வரும். ஒவ்வொரு தடவையும், அது முழுசாகத் தெரிவதற்கு முந்தின நொடியில், அவள் மூச்சு நின்று போகும்.

டெல்ஃபின் ஒன்றே ஒன்றுதான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "புயல்ல சேகண்டிய மட்டும் தட்டு. யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடாதே." காற்றில் குரல் திசை மாறிவிடும், கேட்டவர்கள் தப்பான பக்கம் நடந்துவிடுவார்கள் என்றாள்.

பெரிய மரச்சிற்பம் ஒன்றைத் தூக்கி நிறுத்த ஆள் வேண்டும் என்று ஒரு மத்தியானம் எல்லோரும் சைக்கிளில் போய்விட்டார்கள். ரோவீனா காவலுக்கு இருந்தாள். தெற்கே வெயிலுக்கு நடுவில் ஒரு வெள்ளைச் சுவர் எழும்பி, சத்தமே இல்லாமல், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு கூடாரமாக விழுங்கிக்கொண்டு வந்தது. வந்து சேர்ந்ததும் கித்தான் கூரை படபடத்து அடித்துக்கொண்டது. கயிறுகள் முறுகி முனகின. பல்லிலும் நாக்கிலும் உப்பு கரித்தது. நீட்டிய கை முழங்கைக்கு அப்பால் காணாமல் போனது. இருட்டு இல்லை. எங்கே பார்த்தாலும் ஒரே பால்வெளிச்சம், நிழல் என்பதே இல்லாத வெளிச்சம்.

அவள் சேகண்டியைத் தட்டினாள்.

பதில் வந்தது. தூரத்தில்.

மறுபடி தட்டினாள். பதில் கொஞ்சம் கிட்டே வந்திருந்தது. யாரோ ஓசையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டாள். வருகிறவர் கையில் எதற்குச் சேகண்டி என்று அதே மனது கேட்டது. ஆனாலும் தட்டிக்கொண்டே இருந்தாள். பதில் கிட்டே, இன்னும் கிட்டே வந்தது.

பிறகு நின்றுபோனது.

தட்டினாள். ஒன்றுமில்லை. இன்னும் பலமாகத் தட்டினாள். காற்று மட்டும்தான். அவ்வளவு கிட்டே வந்துவிட்டு, வழி தெரியாமல், தனியாக நிற்கிறது. அது அவளுக்குத் தாங்கவில்லை. யாரு அங்கே என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள்.

"எல்லிஸ்!"

"அம்மா" என்றது குரல், கூரைக் கயிற்றுக்குப் பக்கத்திலிருந்து.

உள்ளே வந்தான். தலை முதல் கால் வரை வெள்ளை. கண்ணில் புழுதிக் கண்ணாடி, மூக்குக்கும் வாய்க்கும் மேல் துண்டு. சின்ன வயதில் உடைந்த இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தான். அந்த நடையை ஆயிரம் பேரிலும் அவளால் அடையாளம் சொல்ல முடியும். நாற்காலியில் உட்கார்ந்தான். நாற்காலி கிறீச்சிடவில்லை. ஆகஸ்டு மாதத்து வெக்கையில் அவன் மேலிருந்து குளிர் வீசியது. பனியும் பெட்ரோலும் கலந்த வாசனை.

"தண்ணி தரட்டுமாடா?"

"வேணாம்மா. முகத்தத் துடைச்சு விடு. ஒண்ணும் தெரியல."

கண்ணாடியைக் கழற்றினாள். துண்டை அவிழ்த்தாள். அடியிலும் வெள்ளை. குழியில்லாமல், வெடிப்பில்லாமல், கண்ணும் வாயும் இருக்க வேண்டிய இடமெல்லாம் இட்டு நிரப்பினது போலப் புழுதி. ஓட வேண்டும் என்று கால்களுக்குத் தெரிந்தது. கைகள் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தன.

துடைத்தாள். நெற்றி கொஞ்சம் கரைந்து புருவமேடு தெரிந்தது. அவன் புருவம்தான். மூக்குத்தண்டு தெரிந்தது. கன்னத்தில் ஏதோ ஒரு வளைவு, அவளுக்குத் தெரிந்த வளைவு, இதோ இதோ என்று வந்தது. துணியோடு கழன்று வந்துவிட்டது. கிண்ணத்துத் தண்ணீர் பாலாக வெளுத்தது.

"இன்னும் கொஞ்சம்மா."

துடைத்தாள். அடியிலும் புழுதி. மறுபடி துடைத்தாள். தலை முன்பிருந்த அளவில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

"நீ குறைஞ்சிக்கிட்டே வர்றடா."

"நிறுத்தாதேம்மா. உள்ளதான் இருக்கேன்."

அவளுக்கு அழுகை முட்டியது. "அன்னிக்கு நான் உன்னப் பாக்கலடா. பாக்க வேணாம்னு சொன்னாங்க. நானும் சரின்னுட்டேன்."

"தெரியும். இப்பப் பாரு."

துடைத்தாள். வேறென்ன செய்வாள். கைக்குழந்தையின் தலை அளவுக்கு ஆனது. அந்தக் கனம் அவள் உள்ளங்கைக்கு நினைவிருந்தது. அவளையறியாமல் கழுத்துக்கு அடியில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். ஆரஞ்சு அளவு. எலுமிச்சை அளவு. குரல் மட்டும் சிறுக்கவே இல்லை. அதே குரல். வளர்ந்த ஆணின் குரல். இன்னும் கொஞ்சம் என்றது. இன்னும் கொஞ்சம்.

காற்று நின்றது. வெளிச்சம் மஞ்சளாக மாறி, கூடாரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. நாற்காலியில் ஒரு சட்டை மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. பிறகு சட்டையும் மெல்ல மடிந்து சரிந்தது.

வெளியே சைக்கிள் மணிகள். ஆர்லோ சீட்டியடித்துக்கொண்டு வந்தான். டெல்ஃபின் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வந்து, நாற்காலியைப் பார்த்து, கிண்ணத்தைப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டாள். கையில் என்ன என்று கேட்டாள்.

ரோவீனா நனைந்த துணியை இரண்டு கைக்குள்ளும் பொத்தி நெஞ்சோடு பிடித்திருந்தாள். திறந்தால் பார்த்துவிடலாம். துடைத்தால் தீர்ந்துவிடும். துணியின் மடிப்புக்குள், உள்ளங்கைக் குழிவில், பாக்களவு ஒரு குளிர்ச்சி.

அது வாயைத் திறந்தது.