ஜன்னல் இடுக்கில் ஒரு மனு

அந்த ஜனவரியில் தில்லியில் அடித்த குளிர் சாமானியமானதல்ல. பால்காரன் சைக்கிள் மணியை அடித்தால் சத்தம் தெருமுனை வருவதற்குள் உறைந்து பொத்தென்று கீழே விழும். வெயில் வந்ததும் பொறுக்கிக்கொள்ளலாம். அப்படிப்பட்ட ஒரு சாயங்காலம், கோல் மார்க்கெட்டில் பழைய சர்க்கார் குவார்ட்டர்ஸ் ஒன்றின் வாசலில் டெம்போவை நிறுத்திச் சாமான்களை இறக்கினான் சங்கரநாராயணன். கூட மனைவி அம்சவேணி. அவள் தோளில், கம்பளி மூட்டையாக, ஏழு மாதக் குழந்தை சுபாஷிணி.

இந்த வீட்டுக்காக ஒன்பது வருஷம் காத்திருந்தவன், கடைசி மாதத்தில் மட்டும் காத்திருக்கவில்லை. வீடு ஒதுக்கும் செக்‌ஷனிலேயே அவனுக்கு நாற்காலி. முன்பு குடியிருந்த ஏகாம்பரம் ரிட்டயரானவர், ஒண்டிக்கட்டை. குளிர் போகிறவரை இரண்டு மாதம் இருந்துகொள்கிறேன் என்று ஏழு மனு போட்டார். ஏழிலும் சங்கரநாராயணன் ‘இயலாது’ என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்துத் திருப்பி அனுப்பினான். ஏழாவதோடு மின்சாரத்தைத் துண்டிக்கவும் ஒரு காகிதம் போனது. பத்தாம் நாள் வீடு காலியானது. எப்படிக் காலியானது என்று அம்சவேணியிடம் அவன் சொல்லவில்லை.

விதிக்கும் கொஞ்சம் குறும்பு உண்டு. துண்டித்த கரண்ட்டைத் திரும்பக் கொடுக்க மூன்று வாரம் ஆகும் என்றார்கள். கேஸ் கனெக்‌ஷன் மாறி வர அதைவிட அதிகம். ஆக, தான் வெட்டிய இருட்டில் தானே மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு, பின்கட்டு முற்றத்தில் விறகு மூட்டிச் சமைக்க வேண்டியதாயிற்று.

நெருப்பு மூட்டுவதில் அவன் மகா சமர்த்தன். காற்று வரும் பக்கம் வாய் வைத்து மூன்று செங்கல். அடியில் சுள்ளி, மேலே விரல் பருமன் குச்சி, அதற்கு மேல்தான் கட்டை. பக்கத்தில் எப்போதும் இரண்டு வாளித் தண்ணீர். நைலான் சால்வையோடு அம்சவேணி கிட்டே வரக் கூடாது. சமைத்து முடித்ததும் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையால் தொட்டுப் பார்ப்பான். அவ்வளவு தண்ணீருக்கு யமுனைக்கரைச் சுடுகாடே அணைந்துவிடும்.

முற்றத்துக் குழாயடியில் ஓர் அங்கீட்டி கிடந்தது. இரும்பு வாளிக்குள் களிமண் பூசிய கரியடுப்பு. ஏகாம்பரத்தினுடையது. சங்கரநாராயணன் அதைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு சாவித்திரி மாமி கை காய வந்து உட்கார்ந்தாள். சாம்பலில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது.

“அச்சா, நெருப்பை வெளியிலேயே வெச்சிருக்கேளே, அதுவே புண்ணியம்” என்றாள் மாமி. “ஏகாம்பரம் சார் பாவம், ஹீட்டர் போடக் கரண்ட் இல்லேன்னு அங்கீட்டியை ரூமுக்குள்ள எடுத்துண்டு போயிட்டார். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, இடுக்குல காகிதம் அடைச்சு, படுத்தவர்தான். கரிப்புகைக்கு வாசனையே கிடையாதாம். தூங்கற மாதிரியே இருந்தார்.”

அம்சவேணி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். “கரண்ட்டை யாரு மாமி கட் பண்ணச் சொன்னா?”

“எவனோ ஆபீஸ்ல ஒருத்தன். கையெழுத்துதானே, அவனுக்கென்ன?”

சங்கரநாராயணன் புரட்டிக்கொண்டிருந்த கிழங்கு நழுவி நெருப்பில் விழுந்தது.

மாமி போனதும் அம்சவேணி, வேறு வீட்டுக்குப் போய்விடலாம் என்று முனகினாள். ஒதுக்கிய வீட்டை விட்டால் திரும்ப வரிசையின் வாலில் நிற்க வேண்டும் என்று அவன் ஒரு பிரசங்கமே செய்தான். அன்று முதல் ஜன்னலை நாலு விரல் திறந்து வைத்தே படுக்க வேண்டும் என்று உத்தரவு. குழந்தைக்கு ஜலதோஷம் பிடித்தாலும் சரி.

மறுநாள் விடிகாலைப் பனியில் எழுந்து முற்றத்துக்குப் போனான்.

செங்கல் சூடாக இருந்தது.

குழாயடியில் அங்கீட்டி இல்லை. சமையலறை வாசற்படியில் இருந்தது. அம்சவேணிதான் நகர்த்தியிருப்பாள் என்று திட்டிவிட்டு, அதைக் கொண்டுபோய்த் தெருமுனைக் குப்பையில் போட்டான். அவள் தொடவே இல்லை என்று அழுதாள்.

அடுத்த நாள் காலை, அது படுக்கையறை வாசலில் இருந்தது.

ஜன்னல் சாத்தியிருந்தது.

நியாயமாக அன்றே சாமானைக் கட்டியிருக்க வேண்டும். ஒன்பது வருஷத்து ஆசை விடுமா? அங்கீட்டியைக் கடப்பாரையால் நாலு துண்டாக உடைத்துவிட்டு, தலைவாரிக்கொண்டு ஆபீஸ் போனான்.

சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பினான். பனி இறங்கியிருந்தது. முற்றத்தில் அடுப்பு மூட்டவில்லை. ஆனால் விறகு எரிந்து தணலான வாசம்.

கூப்பிட்டான். பதில் இல்லை.

ஜன்னல் குளிரில் குழந்தைக்குப் பிடித்திருந்த இருமலும் கேட்கவில்லை.

படுக்கையறைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. ஜன்னலுக்கு ஓடினான். கண்ணாடிக்குப் பின்னால், அறையின் நடுவே, சிவப்பாக ஒரு வட்டம். உடையாத, முழு அங்கீட்டி. அதன் இரு பக்கமும் தாயும் குழந்தையும் அசையாமல் படுத்திருந்தார்கள்.

செங்கல்லால் கண்ணாடியை உடைத்தான். கையெல்லாம் ரத்தம். உள்ளே குதித்து இருவரையும் முற்றத்துக்கு இழுத்துப் போட்டு, குழந்தையின் முதுகைத் தட்டித் தட்டி, வாழ்நாளில் கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டான்.

வெகுநேரம் கழித்து, பூனைக்குட்டி மாதிரி, சுபாஷிணி அழுதாள்.

அம்சவேணிக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. “மத்தியானம் ஒரு பெரியவர் வந்தார்” என்று முணுமுணுத்தாள். “உங்களை ஆபீஸ்ல தெரியுமாம். குழந்தைக்குக் குளிருமேம்மான்னு தணலை அவரே கொண்டாந்து வச்சார். காத்து வருதுன்னு இடுக்கெல்லாம் அடைச்சு விட்டார். வேண்டாம்னு சொல்லத்தான் நினைச்சேன், ஏனோ சொல்லவே வரலை. ரொம்ப மரியாதையான மனுஷர்.”

“வேற என்ன சொன்னார்?”

“உங்க வீட்டுக்காரர் எனக்குச் செஞ்சதுக்கு நான் திருப்பிச் செய்யணும்மா, அப்படின்னார். என்னங்க செஞ்சீங்க அவருக்கு?”

அவன் உடைந்த ஜன்னல் சட்டத்தின் இடுக்குகளில் செருகியிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக உருவினான். நாலாக மடித்த மனுக்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவன் கையெழுத்து. ‘இயலாது.’ ‘இயலாது.’ எண்ணிப் பார்த்தான். ஆறு.

ஏழாவது இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து மனைவியையும் குழந்தையையும் நேராக ஜனக்புரியில் ஒரு வாடகை வீட்டுக்குக் கூட்டிப் போனான். மூன்றாவது மாடியில் ஒற்றை அறை, வாடகை பாதிச் சம்பளத்தைத் தின்றது. முற்றம் கிடையாது, விறகு கிடையாது, கரி கிடையாது. கேஸ் அடுப்பு, ஹீட்டர், தலைக்கு மேல் நாற்பது வாட் பல்பு. வீட்டை ஒப்படைத்ததற்கான ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே படுத்தான். பேய் என்பது வீட்டோடு போகும் சமாசாரம் என்று அவன் எண்ணம். அம்சவேணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சாவித்திரி மாமி ஆஸ்பத்திரிக்கு வந்து, பெரியவரின் அடையாளத்தைக் கேட்டுவிட்டு, ஏகாம்பரத்தின் பெயரைச் சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு அம்சவேணி அவனிடம் பேசவில்லை.

விடிகாலை. குழந்தை இருமியது.

நாலு விரல் திறந்து வைத்திருந்த ஜன்னல் சாத்தியிருந்தது. தட்டுத்தடுமாறிப் போய்த் திறக்கப் பார்த்தான். சட்டத்தின் இடுக்கில் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது.

நாலாக மடித்த காகிதம். ஓரத்தில் அவன் கையெழுத்து.

காகிதம் சுடச்சுட இருந்தது.