விற்காத வண்டியின் கண்ணாடி

ஆள் தூங்குகிறான் என்றுதான் காவலாளி நாகப்பன் நினைத்தார். கிழக்குச் சுவரோர விளக்குக் கம்பத்தில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தான் யார்டு டிரைவர் பேச்சிராஜ்.

"இன்னாபா, அல்லாரும் வண்டி எடுத்துக்கினு கீறாங்க, நீ இங்க குந்திக்கினு கீற?" என்று தோளைத் தொட்டார். பேச்சிராஜ் அப்படியே பக்கவாட்டில் சரிந்தான். வாயோரம் ரத்தம் உறைந்திருந்தது. நெஞ்சு இருக்கவேண்டிய இடத்தில் சட்டை உள்ளே குழிந்திருந்தது.

2013, பிப்ரவரி மாதம். காலை ஆறே முக்கால் மணி.

ஏழரைக்கெல்லாம் சப்-இன்ஸ்பெக்டர் கங்கா வந்துவிட்டாள். குன்றத்தூரிலிருந்து ஒரகடம் வருவதற்குள் அவள் காக்கிச் சட்டை செம்மண் நிறமாகியிருந்தது. சாலை அகலப்படுத்துகிறேன் என்று வருடக்கணக்காக ஊரையே தூசியாக்கி வைத்திருந்தார்கள். அந்தத் தூசியெல்லாம் வந்து படுக்க வசதியான இடம், கனாட்டோ மோட்டார்ஸின் யார்டு. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வரிசை வரிசையாகப் புத்தம் புதுக் கார்கள், வாங்க ஆளில்லாமல் நின்றன.

கம்பத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், மேல் யார்டின் கடைசி வரிசையில் ஒரு வெள்ளை வண்டி. மற்ற வண்டிகளெல்லாம் தூசி போர்த்தி நிற்க, இதன் முன்பக்க பம்பர் மட்டும் தலை குளித்த மாதிரி பளபளத்தது. குனிந்து பார்த்தாள். நடுவில் ஒரு அழுத்தம். நம்பர் பிளேட் மாட்டும் சட்டத்தின் இடுக்கில், துடைத்தவன் கைக்கு எட்டாத இடத்தில், கொஞ்சம் ரத்தம்.

நிமிர்ந்தபோதுதான் கண்ணாடியைப் பார்த்தாள். படிந்திருந்த தூசியில் மேல்நோக்கி வளைந்த இரண்டு கோடுகள், நகத்தால் கீறியதுபோல மெல்லியவை.

"இந்த வைப்பர் மேல இன்னாய்யா பிளாஸ்டிக்கு?" என்று நாகப்பனைக் கேட்டாள்.

"உறைம்மா. வெயில்ல ரப்பரு கண்ணாடில ஒட்டிக்கும்னு போட்டு வச்சிகீறாங்க. அதோட வைப்பர் போட்டா கண்ணாடி கீறிக்கும். போட்டவன் சீட்டு கிழிஞ்சிடும்."

கங்கா ஏட்டைக் கூப்பிட்டு, வண்டி முழுவதையும் தார்ப்பாய் போட்டு மூடி, யாரும் நெருங்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

யார்டு சூப்பர்வைசர் வசந்தகுமார் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் வந்தார். கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. அழுதிருந்தார் என்று சொல்ல முடியாது, ஆனால் முகம் வெளுத்திருந்தது.

"காலைல உள்ள யார் யார் இருந்தீங்க?"

"சீக்கிர ஷிஃப்ட்டுக்கு நாலே பேர் மேடம். பேச்சிராஜ், கொம்பையா, வேல்ராஜ், அப்புறம் நான். மத்தவங்க எட்டு மணிக்குத்தான்."

"அந்த வெள்ளை வண்டி யாரோட வரிசை?"

"வேல்ராஜோடது. மேல் யார்டுல அவன்தான் ஓட்டுவான். சாவி வண்டியிலேயே இருக்கும், அதுதான் இங்க வழக்கம்." குரலைத் தாழ்த்தினார். "நேத்து சாயங்காலம் அவனுக்கும் பேச்சிராஜுக்கும் கேன்டீன்ல பெரிய சண்டை மேடம். ஊரே பாத்துது."

"கீழ் யார்டுன்னு ஒண்ணு சொல்றாங்களே, அது இன்னா?"

அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்துவிட்டது. தொழிலைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"நம்மளது சின்ன கம்பெனி மேடம். ஜப்பான்லயே பெரிய கம்பெனிங்க சாப்பிட்டு வச்ச மிச்சத்துலதான் பொழைப்பு. அதனால எந்த நாட்டுல எது ஓடுதோ அதைச் செஞ்சு குடுப்போம். தென்னாப்பிரிக்காவுல நம்ம வண்டின்னா உசுரு, நிக்க நேரமில்லாம போகும். யூரோப்ல வயசானவங்க கடைகண்ணிக்குப் போக வாங்கினாங்க. இப்ப அங்க காசு இறுகிப்போச்சு, ஆர்டர் நின்னுடுச்சு. நம்ம ஊர்ல சொல்லவே வேணாம், பேரே யாருக்கும் தெரியாது. மேல் யார்டுல நம்ம ஊரு, ஆப்பிரிக்கா வண்டி. கீழ யூரோப் வண்டி. எல்லாமே வேற மேடம். ஸ்டியரிங் இடது பக்கம், ஹீட்டர் உண்டு, பின்னாடி பனி லைட்டு உண்டு, இண்டிகேட்டர் குச்சி இடது கைக்கு, வைப்பர் வலது கைக்கு. டயரே வேற."

"நம்ம ஊரு வண்டில?"

"தலைகீழ். இதுக்குப் பழகினவனை அதுல ஏத்தமாட்டோம். பேச்சிராஜும் கொம்பையாவும் கீழ் யார்டு. நானும் மூணு வருஷமா கீழதான் ஓட்டிக் காட்டுறேன். மேல் யார்டு வண்டியைத் தொட்டதே இல்லை."

வேல்ராஜை டைம் ஆபீஸில் உட்காரவைத்திருந்தார்கள். இருபத்திரண்டு வயது. செத்தவனுக்கு மச்சினன். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து அக்கா கணவரை நம்பி வந்து, வடக்குப்பட்டில் அவர்களோடு ஒரே அறையில் குடியிருந்தான்.

"சண்டை எதுக்கு?"

"சும்மாதான் மேடம்."

"சும்மாவா கேன்டீன் தட்டைத் தூக்கி வீசுன?"

"அத்தான் ஒரு சங்கதில தலையிடப் போறேன்னாவ. வேண்டாம்னேன். வேல போயிரும்னேன். அவ்வளவுதான்."

"என்ன சங்கதி?"

"அத என்னால சொல்ல முடியாது மேடம்."

"வேற யார்கிட்டயாவது அதைச் சொன்னியா?"

வேல்ராஜ் தரையைப் பார்த்தான். அழுத்திக் கேட்டும் வாய் திறக்கவில்லை. தப்புச் செய்தவன் முகம் என்று கங்காவுக்குத் தெரிந்தது. என்ன தப்பு என்பதுதான் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் சின்னப்பையனுக்கு அந்தச் சந்தேகம்கூட இல்லை. வந்தார், பார்த்தார், முடித்தார். "இன்னாம்மா இதுல துப்பு துலக்க கீது? வண்டி அவனுது. சண்டை போட்டவன் அவன். சாயந்திரம் மாஜிஸ்திரேட்டு முன்னாடி நிறுத்திடுவோம்."

"கண்ணாடில வைப்பர் போட்ட கீறல் இருக்குது சார். உறையோட."

"தூசி மறைச்சிருக்கும், தொடைச்சிருப்பான்."

"உறை போட்ட வைப்பர் தொடைக்காது சார், கீறும். இங்க வேலை செய்யறவனுக்கு அது தெரியும்."

"அப்ப பதட்டத்துல போட்டிருப்பான். சாயந்திரம் வரைக்கும் டைம் தரேன், அதுக்கு மேல என்னைக் கேக்காத." ஜீப் தூசி கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

வெளி கேட்டில் பேச்சிராஜின் மனைவி பாண்டிச்செல்வி நின்றாள். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவள். அந்த நீலக் கோட்டோடு அப்படியே ஓடி வந்திருந்தாள். அழுது முடித்திருந்த முகம்.

"அவிய போயிட்டாவ. தம்பியையும் பிடிச்சு வச்சிருக்கியளாமே. ஒரே நாள்ல ரெண்டு பேரையும் எடுத்துக்கிட்டா நான் எங்கம்மா போவேன்? அவன் பண்ணியிருக்க மாட்டான்."

கங்கா அவளை நிழலுக்கு நகர்த்தி, "உங்க வீட்டுக்காரர் எதுல தலையிடப் போறேன்னார்?" என்று கேட்டாள்.

"ஐப்பசி மழைல கீழ் யார்டுல தண்ணி ஏறிட்டுல்லா. சீட்டு முங்குற மட்டும் வண்டி தண்ணிக்குள்ள நின்னுச்சாம். மழைக்கு முந்தியே மேல ஏத்தச் சொல்லியும் ஏத்தாம விட்டுட்டாவளாம். அத மறைச்சு, காய வச்சு, சென்ட் அடிச்சு, ஏதோ சின்ன தேசத்துக்குப் புது வண்டின்னு அனுப்புதாவளாம். வயரெல்லாம் துருப்பிடிச்சிருக்கு, பிரேக்கு என்னைக்கு விடும்னு தெரியாது, புள்ள குட்டியோட போறவுக செத்துருவாவன்னு ராத்திரியெல்லாம் உறங்கல. இன்னைக்கு ஜப்பான்காரர் ஒருத்தர் வாராராம். அவர்ட்ட காட்டிருவேன்னாவ."

காவலாளிக் கூண்டுக்குத் திரும்பும்போது, தார்ப்பாய்க்குள் இருந்த இரண்டு வளைவுகளும் கங்காவின் கண்ணுக்குள்ளேயே நின்றன. நாகப்பன் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"நாகப்பன், உங்க சூப்பர்வைசர் சாரு கழுத்துல எதுக்கு விசிலு?"

"அத்த ஏம்மா கேக்குற! ஜப்பான்காரன் ரூலு. ஈ காக்கா இல்லாத மூலைலகூட இண்டிகேட்டர் போட்டுத்தான் வண்டிய திருப்பணும். போடலன்னா சாரு விசில ஊதி, நாலு பேரு முன்னாடி மானத்த வாங்கிடுவாரு. பசங்களுக்குக் கை தானா போவும். தூக்கத்துலகூட போடுவானுங்க."

கங்கா உட்காரப் போனவள் உட்காரவில்லை.

மதியம் வெயில் உச்சியில் இருந்தபோது, காலையில் உள்ளே இருந்த மூவரையும் மேல் யார்டுக்கு வரச் சொன்னாள். அதே வரிசையில், அதே மாடலில், அதே தூசியோடு மூன்று வண்டிகள். ஒருவர் ஓட்டும்போது மற்ற இருவரும் எட்டிப் பார்க்காதபடி டைம் ஆபீஸில் ஏட்டு காவலிருந்தார்.

"வரிசையிலிருந்து கம்பம் வரைக்கும் ஓட்டிட்டுப் போய், சுத்தித் திரும்ப வந்து நிறுத்தணும். எவ்வளவு நேரம் ஆவுதுன்னு பாக்கணும், வேற ஒண்ணுமில்லை. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

முதலில் வேல்ராஜ். முதல் திருப்பத்திலேயே வலது கை தானாகக் குச்சியைத் தட்ட, டிக் டிக் என்று இண்டிகேட்டர் துடித்தது. மற்ற திருப்பங்களிலும் அப்படியே.

அடுத்து கொம்பையா. நாற்பது வயதுக்காரர், ராமநாதபுரத்துப் பக்கம். இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டிப் பழகியவர், வலப்பக்கம் உட்காரக் கூச்சப்பட்டுக்கொண்டே வண்டியை எடுத்தார். முதல் திருப்பம். இடது கை குச்சியைத் தட்டியது. கிரீச் என்று உறை போட்ட வைப்பர் கண்ணாடியில் ஏறி இறங்கியது.

"ஐயையோ!" கொம்பையா பதறி நிறுத்தினார். "கைப்பழக்கம் மேடம். அந்த வண்டில இந்தப் பக்கம்லா இண்டிகேட்டர் இருக்கும். கண்ணாடி போச்சே, சாரு கொன்னுருவாரே!"

தூசியில் மேல்நோக்கி வளைந்த இரண்டு கோடுகள். கங்கா அவற்றைப் பார்த்துக்கொண்டே, "பரவாயில்ல, போங்க" என்றாள்.

கடைசியில் வசந்தகுமார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, மாட்டு வண்டி வேகத்தில் போனார். முதல் திருப்பம் வந்தது, திரும்பினார். கம்பத்தருகே அடுத்தது. வரிசைக்குள் நுழைய இன்னொன்று. வண்டியை நிறுத்திவிட்டு நெற்றி வேர்வையைத் துடைத்தார்.

கங்கா இறங்கவில்லை.

"சார், ஒரு திருப்பத்துலகூட இண்டிகேட்டர் போடல நீங்க."

"பதட்டம் மேடம். மறந்துட்டேன்."

"மத்தவங்க மறந்தா விசில் ஊதறவரு நீங்க. உங்க கை மறக்காது. இன்னிக்கு அதைக் கட்டிப்போட்டு வச்சீங்க. ஏன்?"

வசந்தகுமாரின் கை கதவுப் பிடிக்குப் போனது.

"காலைல அந்த வெள்ளை வண்டியை ஓட்டினவன், ஆளை நசுக்கப் போகும்போதும் பழக்கதோஷத்துல இண்டிகேட்டர் போட்டிருக்கான். ஆனா போட்டது இடது கையால. வைப்பர் ஓடிடுச்சு. அப்ப அவன் கீழ் யார்டுக்காரன். வேல்ராஜ் கை வலது பக்கம்தான் போவுது, அதனால அவன் இல்லை. மிச்சம் நீங்க ரெண்டு பேர். கொம்பையாவுக்கு மனசுல ஒண்ணும் இல்லை, அதனால கை போன போக்குல போச்சு, தப்புப் பண்ணாரு. அந்த வண்டி கண்ணாடியை நான் காலைலயே மூடி வச்சுட்டேன். உங்க மூணு பேர்ல வைப்பர் கதை ஓட்டினவனுக்கு மட்டும்தான் தெரியும். கையை அடக்கினவர் நீங்க மட்டும்தான்."

"இதெல்லாம் ஒரு சாட்சியா மேடம்?" குரல் உடைந்து வந்தது.

"இல்லைதான். காஞ்சிபுரத்துலருந்து கைரேகைக்காரங்க வந்துட்டிருக்காங்க. ஸ்டியரிங்கைத் துடைச்சிருப்பீங்க, கதவைத் துடைச்சிருப்பீங்க. அந்த வைப்பர் குச்சியைத் துடைச்சீங்களா? மேல் யார்டு வண்டியைத் தொட்டதே இல்லைன்னு நீங்களே சொன்னீங்க."

வசந்தகுமார் குனிந்து தன் இடது கையைப் பார்த்தார்.

"வேற வரிசை வண்டியா இருந்தா தூசியே இருந்திருக்காது. ஆப்பிரிக்கா வண்டியை அன்னன்னிக்குக் கழுவி அனுப்பிடுறீங்க. வேல்ராஜ் மேல பழி போடணும்னு, அவன் வரிசைல யாருமே வாங்காத வண்டியா பாத்து எடுத்தீங்க."

"தண்ணில நின்னதெல்லாம் வருஷத்துக்கு நூறு வண்டி விக்காத ஊருக்குப் போற வண்டி மேடம்," என்றார் அவர். கோபமாக அல்ல, நியாயம் கேட்கிறவர் குரலில். "அங்க யாரு வந்து கேக்கப் போறாங்க? மழைக்கு முன்னாடி வண்டியை மாத்தாதது என் தப்பு. பதினாலு வருஷ சர்வீஸு. ஒரு மழைக்காக எல்லாத்தையும் விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா? கெஞ்சிப் பாத்தேன். கேக்கமாட்டேன்னுட்டான்."

"எத்தனை வண்டி போயிருக்கு?"

"பாதி. போன வாரக் கப்பல்ல."

கங்காவுக்கு அவரை அறையவேண்டும் போலிருந்தது. கையைக் கட்டிக்கொண்டாள். அவரை ஜீப்பில் ஏற்றிவிட்டு, ஜப்பான்காரருக்கு ஆள் அனுப்பி, கப்பல் ஏஜென்டின் எண்ணைக் கேட்டு வாங்கினாள். ஏஜென்டு, நடுக்கடலில் இருப்பதைத் திருப்ப முடியாது, இறங்குகிற இடத்தில் சொல்லிப் பார்க்கிறேன் என்றான். அந்த நாட்டின் பெயரைக் கங்கா அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாள்.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. பேச்சிராஜ் இன்றைக்குப் பேசப்போகிறான் என்பது வசந்தகுமாருக்கு எப்படித் தெரியும்?

வேல்ராஜை வெளியே அனுப்பும்போது அந்தக் கேள்வியைக் கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம். பாண்டிச்செல்வி கேட்டருகே நின்று தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் அக்காவைப் பார்க்காமல் சொன்னான்.

"நேத்து சண்டை முடிஞ்சதும் நான்தான் மேடம் சார்ட்ட போனேன். அத்தான் நாளைக்கு ஜப்பான்காரர்ட்ட சொல்லப் போறாவ, நீங்க கூப்பிட்டு நல்ல வார்த்தையா பேசி நிறுத்துங்க சார்னு சொன்னேன். நல்ல வார்த்தையா பேசுவாருன்னுதான்க்கா நினைச்சேன்."

சாலையில் கார்களை ஏற்றிக்கொண்டு ஒரு டிரெய்லர் போனது. அது கிளப்பிய தூசி கேட்டைத் தாண்டி வந்து அடங்கியது.

"நிறுத்திட்டாரு," என்றாள் பாண்டிச்செல்வி.

தம்பியின் கையை விட்டாள். பிறகு நாகப்பனிடம், பிரேதத்தை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கே போக எங்கே பஸ் ஏறவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, தனியாக நடந்தாள். வேல்ராஜ் பின்னால் போவதா வேண்டாமா என்று தெரியாமல் கேட்டருகிலேயே நின்றான்.