வளைந்து போன குழாய்

காலை 9.00. பண்ணை அலுவலக மேசைமேல் இரண்டு சொட்டுநீர் வரைபடங்கள் இரட்டைப் பிள்ளைகள்போல் படுத்திருந்தன. அதே வயல், அதே கிளைக்குழாய்கள், அதே வால்வுகள். ஒன்றை நேற்றே கொடுத்துவிட்டுப் போனவர் எதிர்க்கம்பெனிக்காரர். ஆள் வருமுன்னே வாசனை வந்துவிடுவதால் அவருக்குப் பெயரே சென்ட்டு. மற்றொன்றை இன்று கொண்டுவந்தவள் டிசைனர்.

"பின்னால வந்ததுதானே காப்பி?" என்றார் பண்ணை முதலாளி. "ஊர் பூரா சொல்லுவேன்."

சொன்னால் அவள் தொழிலுக்குப் பூட்டுதான். போலீஸ் இன்ஸ்பெக்டரம்மாவை அவளே அழைத்தாள்.

9.40. சந்தையில் காய் பொறுக்குகிற கவனத்தோடு இன்ஸ்பெக்டரம்மா படங்களைப் புரட்டினார்.

"உங்க படம் யார் கைக்குப் போச்சு?"

"ட்ரோன் விடுறது என் கொழுந்தன், அவன்கிட்ட இருக்கு. போன வாரம் முதலாளி வெளியூர்ல இருந்தார். முதல் படத்தை மேனேஜர்கிட்ட கொடுத்தேன். திருத்தினதை இன்னைக்குத்தான் வெளிய எடுக்கிறேன்."

மேனேஜர் முதலாளியின் மச்சினர். "நான் அதைப் பிரிக்கவே இல்லை. கொழுந்தனைக் கேளுங்க. நேத்து சென்ட்டு கூட டீ குடிச்சான்."

வாசலோரம் நின்ற கொழுந்தனை டிசைனர் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணி, அப்படிப் பாக்காதீங்க! வேலைக்குக் கூப்பிட்டார், மாட்டேன்னுட்டேன். சர்வே அன்னைக்கு ஜீப்பை நடு வயல்ல நிறுத்தினதுக்கே இன்னும் திட்டு வாங்குறேன். இது வேறயா?"

இன்ஸ்பெக்டரம்மாவின் விரல் கிழக்கு வயலில் நின்றது. சென்ட்டின் படத்தில் பெரிய குழாய் அங்கே வளைந்து போயிற்று. டிசைனர் படத்தில் நேர்கோடு.

"ஏன் சார் இந்த வளைவு?" என்று, கூப்பிட்டனுப்பி வந்திருந்த சென்ட்டைக் கேட்டார்.

"அங்க ஒரு மேடு இருக்கு மேடம். என் கண்ணால பாத்தேன். காப்பியடிச்சவங்களுக்கு அது புரியுமா? நேராப் போட்டுட்டாங்க!"

10.15. கிழக்கு வயல் பாய் விரித்ததுபோல் கிடந்தது.

"மேட்டைக் காட்டுங்க."

சென்ட்டு நாலு திசையும் பார்த்தார். மண்ணும் வெயிலும்தான் தெரிந்தன.

"நான் காட்டுறேன்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "மேடு ஜீப்புல ஏறிப் போயிடுச்சு. ட்ரோன் படம் எடுத்தப்போ ஜீப் இங்க நின்னுச்சு. சாஃப்ட்வேருக்கு ஜீப் ஏது, மேடு ஏது? உயரமா ஏதோ இருக்குன்னு குழாயைச் சுத்தி விட்டுடுச்சு. டிசைனரம்மா, எப்ப திருத்தினீங்க?"

"மேனேஜர்கிட்ட கொடுத்த மறுநாள்."

"ஜீப்பை நிறுத்தி, திட்டும் வாங்கினவன் விக்கிறதா இருந்தா திருத்தின படத்தைத்தான் விப்பான். தப்போட வெளிய போன படம் ஒரே ஒருத்தர் கையிலதான் இருந்துச்சு."

மேனேஜரின் நெற்றியில் சொட்டுநீர்ப் பாசனம் தொடங்கியிருந்தது. "மாமா... சென்ட்டுதான் ஆசை காட்டினார்..."

"நானா? நீதானேய்யா தேடி வந்தே!" என்று கத்திய பிறகுதான் சென்ட்டுக்குத் தன் வாய் செய்த வேலை புரிந்தது.

"உங்க அக்கா முகத்துக்காக வெச்சிருந்தேன்" என்றார் முதலாளி. "சாவியைக் கீழ வை."

இருவரையும் போலீஸ் வண்டி ஏற்றிக்கொண்டது. டிசைனர் கொழுந்தனின் தோளில் ஒரு தட்டு தட்டினாள். மன்னிப்பும் பாராட்டும் அதிலேயே அடக்கம்.

முதலாளி தொண்டையைச் செருமினார். "நடந்தது நடந்துபோச்சும்மா. விலையைக் கொஞ்சம் பாத்துப் போட்டீங்கன்னா, இப்பவே கையெழுத்து."

"காலையில சொன்னது யோக்கியனுக்குச் சொன்ன விலை சார்" என்றாள் அவள். "என்னைத் திருடின்னு சொன்னவருக்கு விலை வேற. நான் திருடலைன்னு ஊர் பூரா நீங்களே சொல்லிட்டா, பழைய விலைக்கு வர்றேன்."

முதலாளி அங்கேயே போனை எடுத்து, முதல் ஆளுக்கு அடித்தார்.