எழுதியவர் பெயர் மாற்றம்

மதியம் கஸ்தூரி லேப்டாப்பைத் திறந்தபோது, அவள் நடத்தும் கரியமாணிக்கம் ஊர்ச்செய்தித் தளத்தில் புதிய பதிவு ஒன்று வெளியாகியிருந்தது. எழுதியவர் மணிபாரதி. அவரைப் புதைத்து ஒன்பது நாள் ஆகிறது.

'வாய்க்குள் மண் ஈரமாக இருக்கிறது. நாக்கு ஊறித் தடித்துவிட்டது.'

எந்த நாய் செய்த வேலை இது? கரும்பு வெட்டு மேஸ்திரியான மணிபாரதி பத்து வருடமாக அவள் தளத்தில் எழுதியவர். அவர் அனுப்புவதை அவள் படித்து ஒப்புதல் தந்தால்தான் வெளியாகும். போன மாதம்தான், தினமும் படிக்கச் சோம்பி, அவரே வெளியிட்டுக்கொள்ளும்படி அனுமதியை உயர்த்தித் தொலைத்தாள். செத்ததும் பெயரை எடுத்திருக்க வேண்டும். காரியம் முடியட்டும் என்று விட்டுவைத்தாள்.

பதிவைத் தளத்திலிருந்து தூக்கினாள். கடவுச்சொல்லை மாற்றினாள். அனுமதியை வெறும் வாசகராக இறக்கினாள். அதற்குள் அறையில், ஊறிய சாக்கும் செத்த எலியும் கலந்தது போல ஒரு வாடை கிளம்பி, மின்விசிறிக் காற்றோடு சுற்றி, அவள் தொண்டைக்குள் கொழகொழவென்று இறங்கியது. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். எலி இல்லை. லேப்டாப் பக்கம் வந்தால்தான் வாடை அதிகம்.

திரையில் இன்னொரு பதிவு. 'வயிறு உப்பி வெடித்துவிட்டது.'

போன் அடித்தது. மணிபாரதியின் மனைவி தையலம்மாள்.

"இன்னாமா கஸ்தூரி, அவரு பேர்ல இன்னாவோ வந்துக்கீதாமே?"

"நீங்க பாக்காதீங்கக்கா. இப்பவே அவரு பேர எடுத்துடறேன்."

"பேர எடுத்துக்கோ. அவரு எழுதுனத மட்டும் அழிச்சிடாதமா. எனக்கு அதான் கீது."

தையலம்மாள் பார்ப்பதற்குள் முடிக்க வேண்டும். கஸ்தூரி மூக்கைப் பொத்திக்கொண்டு மணிபாரதி பெயருக்கு நேரே இருந்த 'நீக்கு' என்பதை அழுத்தினாள். தளம் கேட்டது: இவருடைய பதிவுகள் அனைத்தையும் அழிக்கவா, வேறொருவர் பெயருக்கு மாற்றவா?

அழிக்க முடியாது. தளத்தில் வேறு ஆளும் இல்லை. தன் பெயரைத் தேர்ந்தெடுத்தாள்.

மணிபாரதி போய்விட்டார். வாடை போகவில்லை.

பதிவுப் பட்டியலின் உச்சியில் புதிதாக ஒன்று. எழுதியவர் கஸ்தூரி.

'நகங்கள் கழன்று வருகின்றன. வலிக்கவில்லை.'

அவள் எழுதவில்லை. அழிக்க வேண்டும். உடனே. விசையை ஓங்கி அழுத்தினாள்.

சொத்.

கையை எடுத்தாள். ஆள்காட்டி விரல் நகம் விசையிலேயே ஒட்டியிருந்தது. வலிக்கவில்லை. நகம் இருந்த இடத்துச் சதையிலிருந்து வெள்ளையாக ஒன்று நெளிந்து வந்தது. அதன் பின்னால் இன்னொன்று.