மூன்று கிலோமீட்டர் அதிகம்

செல்போன் அலறியது!

சூளகிரி சர்வீஸ் ரோட்டில் இருந்த தன் பைக் ஒர்க்‌ஷாப்பில், குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த மாதேஸ்வரன் நிமிர்ந்தான்.

திரையில் ஒளிர்ந்த பெயர்...

ராஜேஷ்குமார்!

கையிலிருந்த ஸ்பேனர் நழுவிக் காலில் விழுந்தது. வலிக்கவில்லை.

ராஜேஷ்குமார் செத்து நாற்பத்தோரு நாள்!

"ஹ... ஹலோ?"

"மாதேஸ்ண்ணா, அனு பேசறேன். என் போன்ல சார்ஜ் இல்ல, அண்ணன் போன்ல கூப்பிடறேன். அங்கதான் வர்றேன்."

அனுப்ரியா. ராஜேஷின் தங்கை. ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர்.

பத்தே நிமிடத்தில் வந்து நின்றாள். கறுப்பு ஸ்போர்ட்ஸ் பைக். ராஜேஷின் பைக்!

ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலில் அவள் முகம் வெளிறியிருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"என்னம்மா ஆச்சு?"

"இந்த வண்டியில... யாரோ இருக்காங்கண்ணா."

"யாரு?"

"எங்கண்ணன்."

மாதேஸ்வரன் பைக்கைத் திரும்பிப் பார்த்தான்.

"வீட்டுல இருந்து கம்பெனி கேட் முப்பத்து மூணு கிலோமீட்டர். ரெண்டு வருஷம் அண்ணன் பின்னாடி உக்காந்து போயிருக்கேன். தினமும் தூரம் காட்டற டிரிப் மீட்டர ஜீரோ பண்ணிட்டுத்தான் கெளம்புவான். ஒரு நாளும் மாறினதில்ல. இப்ப அதே ரோட்டுல நான் ஓட்டினா... முப்பத்தாறு!"

"சுத்திப் போயிருப்ப..."

"ஸ்டேஷன்ல வண்டிய குடுத்ததுல இருந்து ஒரு வாரமா பாக்கறேன். தினமும் முப்பத்தாறு. அறுபதுலயே இன்ஜின் கத்துது. அண்ணன் அவன் செத்த ரோட்டுக்குள்ள என்னைய எங்கயோ கூட்டிட்டுப் போறான்னு நெனச்சேன். ராத்திரி தூக்கமே இல்ல. நேத்து நடுரோட்டுல வண்டிய நிறுத்திட்டு, 'எங்கடா இருக்க'ன்னு கத்திட்டேன்..."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்புறம் கீழ உக்காந்து, பின் சக்கரத்துல செயின் மாட்டற ஸ்ப்ராக்கெட்டோட பல்ல எண்ணினேன்."

மாதேஸ்வரன் கிரீஸ் கையைத் துணியில் துடைக்க ஆரம்பித்தான்.

"வண்டிக் கம்பெனி கணக்குப்படி நாப்பத்து மூணு பல்லு. இதுல நாப்பத்தேழு இருக்கு! பல்லு ஏறினா பிக்கப் ஏறும். ஆனா அதே தூரத்துக்கு இன்ஜின் அதிகமா சுத்தணும். இந்த மாடல்ல மீட்டருக்குக் கணக்கு கியர்பாக்ஸ்ல இருந்து போகுது. அதனால முப்பத்து மூணு, முப்பத்தாறு ஆயிடுச்சு. பேயும் இல்ல, பிசாசும் இல்ல. அண்ணன் சாகற அன்னிக்குக் காலையிலகூட முப்பத்து மூணுதான் காட்டுச்சு. அப்ப மாத்தினது யாரு?"

"எ... எனக்கெப்படித் தெரியும்?"

"விபத்து நடந்த அன்னிக்கு மழை. போலீஸ் சொல்லி வண்டிய உங்க ஷெட்லதான் வெச்சிருந்தீங்க. மறுநாள்தான் ஸ்டேஷன்ல விட்டீங்க. ஒரு நட்டக்கூடத் தொடலைன்னு எழுதிக் குடுத்தீங்க. எங்கண்ணன என்ன பண்ணீங்க?"

மாதேஸ்வரன் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான்.

"நான்தாம்மா கொன்னுட்டேன்!"

அனுப்ரியா ஓரடி பின்வாங்கினாள்.

"அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி நான்தான் சர்வீஸ் பண்ணேன். ஸ்ப்ராக்கெட் போல்ட்டுக்கு எவ்வளவு இறுக்கணும்னு கணக்கு இருக்குது. அவசரத்துல ஸ்பேனர்ல பைப்பு மாட்டி, அளவுக்கு மேல இறுக்கிட்டேன் போல. போல்ட் உடைஞ்சு, ஸ்ப்ராக்கெட் சாஞ்சு, செயின் மாட்டி, சக்கரம் அப்பிடியே நின்னுருக்குது. பார்த்ததும் வெலவெலத்துப் போச்சு. புதுசா போல்ட் போட்டேன். வளைஞ்ச ஸ்ப்ராக்கெட்டுக்குப் பதிலா கையில இருந்தது நாப்பத்தேழுதான். செயின்ல ரெண்டு கண்ணி சேர்த்து மாட்டிட்டேன். கண்ண மூடினா அவன் வந்து நிக்கறாம்மா. 'ஏன்டா மாதேஸு'ங்கறான். வேற ஒண்ணும் கேக்க மாட்டேங்கறான்..."

"உடைஞ்ச போல்ட் எங்க?"

"தூக்கிப்போட மனசு வரல."

ஒரு தகர டப்பா. உள்ளே உடைந்த மூன்று போல்ட்டுகள்.

அனுப்ரியா ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்தாள். திருப்பினாள். இன்னொன்றை எடுத்தாள்.

"அண்ணா... இங்க பாருங்க. உடைஞ்ச முகத்துல பாதி சொரசொரப்பு. மீதி பாதி?"

"வழவழன்னு இருக்குது..."

"அது உடைஞ்சதே இல்ல. அறுத்தது! கழட்டி, பாதி அறுத்து, திரும்ப மாட்டியிருக்காங்க. மூணுலயும் ஒரே அளவு!"

"அப்ப... நா... நான் கொல்லலியா?"

"இல்லண்ணா."

மாதேஸ்வரன் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினான்.

அனுப்ரியா அழவில்லை. போல்ட்டையே வெறித்தாள்.

"ஹேக்சா பிளேடுல அறுத்தா கீறல் இருக்கும். இது ஒயர்கட் மெஷின். கம்பியில கரண்ட் விட்டு இரும்ப அறுக்கறது. எங்க கம்பெனி டூல் ரூம்ல இருக்கு. அண்ணன் வண்டி பகலெல்லாம் அந்தக் கம்பெனி ஸ்டாண்டுலதான் நின்னுது."

"அத யாரு ஓட்டறாங்க?"

அனுப்ரியா போல்ட்டை டப்பாவிலேயே போட்டாள்.

"நவீன்குமார். அடுத்த மாசம் என்னைக் கட்டிக்கப் போறவரு. அந்த வண்டிய எடைக்குப் போட்டுடுன்னு இந்த வாரத்துல மூணு தடவ சொல்லிட்டார்."

மாதேஸ்வரன் போனை எடுத்தான். முதல் அழைப்பு, சூளகிரி போலீஸ் ஸ்டேஷன் எஸ்.ஐ. ரங்கம்மாவுக்கு. எல்லாவற்றையும் சொன்னான். தான் செய்த தப்பையும்!

இரண்டாவது அழைப்பு அனுப்ரியாவுடையது. பக்கத்துக் கிராமத்தில் கல்யாணப் பத்திரிகை கொடுத்துக்கொண்டிருந்த நவீன்குமாருக்கு.

அரை மணியில் வந்தான். இஸ்திரி கலையாத சட்டை. கையில் பத்திரிகைக் கட்டு.

"என்ன அனு, ஞாயித்துக்கிழமையும் இந்த வண்டியக் கட்டிக்கிட்டு அழறியா?"

"அண்ணன் வண்டியில போல்ட் உடைஞ்சிருந்துச்சாம். மாதேஸ்ண்ணா இப்பத்தான் சொன்னார்."

நவீன் சட்டென்று மாதேஸ்வரன் பக்கம் திரும்பினான்.

"அப்பவே நெனச்சேன்யா! ஒழுங்கா வேலை தெரியாதவனெல்லாம் எதுக்கு மெக்கானிக்னு போர்டு மாட்டறீங்க? அஞ்சுல மூணு போல்ட் ஒண்ணா போனா எவன் பொழைப்பான்?"

ஹைவேயில் ஒரு கன்டெய்னர் லாரி இரைந்து கடந்தது.

"மூணுன்னு நான் சொல்லவே இல்லையே, நவீன்."

நவீன் வாசலைப் பார்த்தான்.

"ஏன் நவீன்? அண்ணன் உன்னத் தம்பின்னுதானே கூப்பிட்டான்... ஏன்?"

பத்திரிகைக் கட்டு தரையில் சிதறியது. ஓடப் பார்த்தான். வாசலை மறித்து நின்றான் மாதேஸ்வரன். இந்த முறை ஸ்பேனர் அவன் கையிலிருந்து நழுவவில்லை!

"அவன் அஞ்செட்டிக்குப் போய் விசாரிச்சுட்டான்!" என்று கத்தினான் நவீன். "அங்க எனக்குப் பொண்டாட்டி, புள்ள இருக்கறது தெரிஞ்சு போச்சு. உங்கிட்ட சொல்லிடுவேன்னான். நான் என்னதான் பண்றது?"

டயர் அடுக்குக்குப் பின்னாலிருந்து எஸ்.ஐ. ரங்கம்மா வெளியே வந்தார். கீழே கிடந்த பத்திரிகை ஒன்றை எடுத்து நிதானமாகப் படித்தார். மடித்து நவீனின் சட்டைப்பையில் செருகினார்.

"அஞ்செட்டியில ஏற்கெனவே ஒரு மாமியார் வீடு இருக்குதுங்களா? பரவால்ல மாப்ள... ரெண்டாவது மாமியார் வீட்டுக்கு ஜீப் ரெடி. ஏறுங்க!"