கண்ணாடியின் மேல் விளிம்பு

காருக்குள் வைத்திருந்த கூண்டின் அடித்தட்டில் குருவி மல்லாந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து அல்ஜீரியாவின் ஒரான் நகரத்து ஆண்கள் காபிக்கடைக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேரம். சாயங்காலம் மக்னீன் என்ற பாடும் குருவிகளின் பாட்டுப் போட்டி. மூன்று வருடமாக ஜெயித்தது இந்தக் குருவிதான்.

"விஷம் வச்சுட்டான்! என் புள்ளையக் கொன்னுட்டான்!"

மிலூத் தன் பழைய பெஜோ காரின் பக்கத்திலிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தார். கடைக்குள் நுழைந்ததும் துஹாமியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். துஹாமி மிலூதின் அடுத்த வீட்டுக்காரர். மூன்று வருடமாகத் தோற்றது அவருடைய குருவி.

மிலூதின் மகள் கைரா போலீஸில் துணை ஆய்வாளர். அன்று விடுப்பு. யாரோ போன் செய்ய, மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

"வாப்பா, தொழப் போனப்ப காரை எப்படி விட்டுட்டுப் போனீங்க?"

"பூட்டிட்டுத்தான் போனேன். சாவி என் சட்டைப்பையில இருக்கு. என் பக்கத்துக் கண்ணாடி மட்டும் பாதி இறங்கியிருந்துச்சு. காலையிலதான் அந்தக் கதவு வேலை முடிஞ்சுது, கண்ணாடியை ஏத்தாதீங்கன்னு ஜிலாலி சொன்னான். அந்த இடைவெளி வழியாத்தான் இவன் கையை விட்டிருக்கான்."

"துஹாமி சாச்சா, கார்கிட்ட போனீங்களா?"

"போனேன். என் கூண்டு கார் நிக்கிற சந்துச் சுவர்ல தொங்கிச்சு. அதை எடுத்துட்டு வந்தேன்."

"பையில என்ன?"

அவர் கால்சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

"எல்லாப் பையையும் வெளிய இழுங்க."

கடை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அறுபது வயது மனிதர் தன் கால்சட்டைப் பைகளின் உள்துணியை வெளியே இழுத்துத் தொங்கவிட்டார். கைக்குட்டை, குருவிக்குத் தீனியாகக் கொஞ்சம் சணல் விதை. கைரா விதையை முகர்ந்தாள். அவர் அவள் உள்ளங்கையிலிருந்தே ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு மென்று விழுங்கினார்.

கைராவுக்குக் காது சூடேறியது. அப்பா திறந்துபோட்டு வந்திருந்த காருக்குப் போனாள்.

செத்த குருவியின் தொண்டைப் பையை விரலால் தடவினாள். காலி. அது எதையும் தின்றிருக்கவில்லை. காருக்குள் பசை நெடி இன்னும் லேசாக அடித்தது. புது வேலை, அடிக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டாள். பாதி இறங்கியிருந்த கண்ணாடியைக் குனிந்து பார்த்தாள். பிறகு அதன் மேல் விளிம்பில் விரலை ஓட்டினாள். விரல் ஒட்டியது.

கதவு வேலை செய்த ஜிலாலியைக் கூப்பிட்டாள். கையில் காபிக் கோப்பையோடு வந்தான்.

"என்னென்ன வேலை பார்த்தே?"

"கதவு அடியில துரு தின்னுடுச்சு, தகடு வெட்டி வச்சேன். கண்ணாடி ஓடுற சேனல் எல்லாம் புதுசு. உள்ள கம்பளிப் பட்டை ஒட்டினேன். ரெண்டு பக்கமும் நேத்தே காஞ்சுடுச்சு. கண்ணாடி உச்சியில போய் உக்கார்ற மேல்சேனல் பட்டை மட்டும் இன்னிக்குக் காலையில ஒட்டினேன்."

"அதுக்கப்புறம் கண்ணாடியை மேல வரைக்கும் ஏத்திப் பார்த்தியா?"

"எப்படி ஏத்துறது? ஈரப்பசை, கண்ணாடியில அப்பிக்கும். அந்த நெடிக்கு எனக்கே தலை சுத்துது. ராத்திரி வரைக்கும் தொறந்தே வைங்கன்னு உங்க வாப்பாகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

கைரா விளிம்பைக் காட்டினாள். நீளம் முழுக்கக் கறுப்புப் பசை, அதில் கம்பளி இழைகள். ஜிலாலியின் கோப்பை பாதி வழியில் நின்றது.

"யா ரப்பி... முழுசா ஏத்தியிருக்காங்க."

அவள் காபிக்கடைக்குத் திரும்பி நடந்தாள். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. துஹாமி சாச்சாவின் பைகள் இன்னும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. உள்ளே தள்ளிக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"யாரும் விஷம் வைக்கல," என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "மூடின காருல பசை நெடியும் வெயிலும் சேர்ந்து குருவியைக் கொன்னுடுச்சு. கண்ணாடி உச்சி வரைக்கும் ஏறியிருந்துச்சு. ஏறாம மேல்சேனல் பசை அதோட விளிம்புல ஒட்டாது. அப்புறம் யாரோ இறக்கியிருக்காங்க. முழுசா ஏறின கண்ணாடியை வெளிய நின்னுக்கிட்டு இறக்க முடியாது, கைப்பிடி உள்ள இருக்கு. கதவு பூட்டியிருந்துச்சு. சாவி ஒண்ணுதான்."

அப்பாவைப் பார்க்க அவளால் முடியவில்லை. மேசையைப் பார்த்துச் சொன்னாள்.

"வாப்பா, ஏத்தினதும் நீங்க. நெடி போகட்டும்னு இறக்கினதும் நீங்க. இறக்கிட்டுத்தான் கத்தினீங்க."

மிலூத் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "அவன் கையை விட்டுடுவானோன்னு பயம், அதான் ஏத்தினேன்," என்றார். "நானே கொன்னேன்னு எப்படிச் சொல்லுவேன்?"

"சாச்சா," என்று கைரா ஆரம்பித்தாள். "புகார் எழுதுங்க. அறைஞ்சதுக்கு அவர் மேல, சோதனை போட்டதுக்கு என் மேல. நானே ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"அறையை விடும்மா. அவன் என்னை அறையறது புதுசா?" துஹாமியின் குரல் தணிந்திருந்தது. "நீ பையை இழுன்னு சொன்னே. நான் இழுத்தேன். ஒரு குத்தமும் பண்ணாதவன், ஏன் இழுத்தேன்னுதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

அவர் எழுந்து தன் கூண்டை எடுத்துக்கொண்டு வெளியேறினார். பிறகு ஒருவர் எழுந்தார். அடுத்து இன்னொருவர். யாரும் மிலூதைத் திட்டவில்லை, போட்டியைப் பற்றியும் பேசவில்லை. போட்டிக்காகக் கடைச் சுவரில் மாட்டியிருந்த கூண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியால் மூடிக்கொண்டு போனார்கள்.

சுவரில் ஆணிகள் மட்டும் மிஞ்சின. கைரா அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.