திங்கட்கிழமை ஒட்டிய துப்பாக்கி

போன் அலறியது.

ஷெரிஃப் ஐடெல்லா க்ரோன் வாயில் பாதி ரொட்டியும் கையில் மீதியுமாக அதை எடுத்தாள். வியாழக்கிழமை சாயங்காலம். மொன்டானாவில் அக்டோபர் குளிர் ஆரம்பித்திருந்தது.

"ஐடெல்லா... நார்பர்ட் பேசறேன். உன் துப்பாக்கி முடிஞ்சுது. எண்ணெய் போட்டு ஆணியில மாட்டிட்டேன். வந்து எடுத்துட்டுப் போ."

"அப்பாடா! சனிக்கிழமை வேட்டை சீசன் ஆரம்பிக்குதேன்னு பயந்துட்டே இருந்தேன். விரிசல் விட்ட மரத்துல ஒட்டு எப்படி வந்திருக்கு?"

"சுமார்தான். விரலை வச்சா நகத்துல தட்டுது. ஒரு குண்டுக்கே வாயைப் பிளக்கும்னு தோணுது."

"யோவ்! நீ ஒட்டினதுதானே?"

"நல்லா வந்திருந்தா நான் ஒட்டினதுன்னு சொல்லியிருப்பேன்!"

நார்பர்ட் ஹாகன் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு போனை வைத்தான். ஹார்ன் க்ரீக் ஊருக்கு ஒரே துப்பாக்கி மெக்கானிக் அவன்தான். மறுநாள் காலையில் அந்த ஊருக்குத் துப்பாக்கி மெக்கானிக்கே இல்லை.

*

வெள்ளிக்கிழமை காலை. மறுபடியும் போன்!

"ஷெரிஃப்! டுவேன் பேசறேன்... லாடம் அடிக்கிற டுவேன்! நார்பர்ட் கடையில நிக்கறேன். அவன் கீழே கிடக்கறான்..."

"குடிச்சிருக்கானா?"

"குடிச்சவன் மூச்சு விடுவான் இல்ல?"

ஐடெல்லா தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அவள் போய்ச் சேருவதற்குள் உதவி அதிகாரி டெரில் கேஸையே முடித்து வைத்திருந்தான். டெரிலுக்கு வேகம் ஜாஸ்தி. யோசனை பின்னால் நடந்து வரும்.

கடைக்குள் இரும்பு அடுப்பு கணகணவென்று எரிந்தது. வேலை மேஜைக்குக் கீழே நார்பர்ட் குப்புறக் கிடந்தான். பின்மண்டையில் பிறை வடிவத்தில் ஆழமான காயம். ஒரு மூலையில் டுவேன், கையில் விலங்கோடு. இன்னொரு மூலையில் ஓரின் ப்ரூயிட், கையில் காபிக் குவளையோடு. நார்பர்ட்டிடம் பல வருஷமாக மரவேலை பார்க்கிறவன் இந்த ஓரின். கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. பாவம், அழுதிருக்கிறான்.

"மேடம்... குற்றவாளி கையும் களவுமா மாட்டிட்டான்!" என்றான் டெரில்.

"களவு எங்கே?"

"காயத்தைப் பாருங்க. என்ன வடிவம்? லாடம்! இவன் தொழில் என்ன? லாடம் அடிக்கறது! வண்டியைத் திறந்தேன் மேடம்... பூரா லாடம்!"

"லாடம் அடிக்கறவன் வண்டியில லாடம் இல்லாம ஐஸ்க்ரீமா இருக்கும்?" டுவேன் கத்தினான்.

"நேத்து ராத்திரி பார்ல, 'நார்பர்ட் மண்டையைப் பிளக்கறேன் பாரு'ன்னு சவால் விட்டியா இல்லையா?"

"விட்டேன்! ஜூலையில குடுத்த துப்பாக்கி! கேக்கறப்பல்லாம் 'நாளைக்கு'ம்பான். இந்த ஊர்ல அப்படிச் சொல்லாதவன் யாரு? ஏன்... நீயும்தான் சொல்லியிருப்ப!"

"நான் மனசுக்குள்ளதான் சொன்னேன்" என்றான் டெரில், கௌரவமாக.

டுவேனின் குரல் உடைந்தது.

"ஷெரிஃப்... கடை திறந்ததும் கேட்டு வாங்கிட்டுப் போகலாம்னுதான் வந்தேன். கதவு திறந்தே கிடந்துச்சு. சத்தியமா நான் இல்ல! வீட்டுல மூணு பசங்க. நாளைக்கு ஒரு எல்க் மான் அடிச்சாத்தான் குளிர்காலம் முழுக்க எங்களுக்குக் கறி. நான் ஆயுசுக்கும் உள்ளே போயிட்டா அதுங்க என்ன பண்ணும்?"

ஐடெல்லா காயத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, கடையைச் சுற்றிப் பார்த்தாள். சுவர் ஆணிகளில் ஏழெட்டுத் துப்பாக்கிகள். ஓரமாக மர ஸ்டாண்டில் இன்னும் மூன்று. அந்த மூன்றும் ஒட்டு வேலைக்கு வந்தவை. விரிசலில் பசை விட்டு, சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி, இறுக்கிச் சுற்றி வைத்திருந்தார்கள்.

அவள் பார்வை ஓர் இடத்தில் நின்றது.

"ஓரின்... என் துப்பாக்கி எங்கே?"

டெரில் திடுக்கிட்டான். "மேடம்! இங்கே ஒரு பிணம் கிடக்குது!"

"பிணம் எங்கேயும் போகாது. மான் போயிடும்."

ஓரின் மெதுவாக ஸ்டாண்டைக் காட்டினான். "அதோ... நடுவுல இருக்கறது உங்களுதுதான் ஷெரிஃப்."

அவளுடைய அப்பா வைத்திருந்த பழைய லீவர் வச்ச வேட்டைத் துப்பாக்கி அது. போன மாதம் குதிரை அதன் மேல் புரண்டதில், விசைக்குப் பின்னால் மரம் ஒல்லியாகிற கழுத்துப் பகுதியில் விரிசல். இப்போது அந்தக் கழுத்து முழுக்கக் கறுப்பு ரப்பர் சுற்றியிருந்தது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி இல்லை. அவ்வளவு நேர்த்தி!

விசையில் ஒரு அட்டை தொங்கியது.

"டெரில்... அதைப் படி."

"ஐடெல்லா க்ரோன். கழுத்தில் விரிசல். திங்கட்கிழமை ஒட்டியது... நார்பர்ட் கையெழுத்துதான் மேடம்."

"திங்கட்கிழமையா? இந்தப் பசைக்கு ஒரு நாள் போதுமே."

"இன்னைக்கு வெள்ளி மேடம். கல்லா ஆயிருக்கும்!"

"அப்போ ரப்பரைக் கழட்டி எடுத்துட்டுப் போறேன்."

ஐடெல்லா இடுப்பிலிருந்து கத்தியை உருவினாள். டுவேன் அவளை வாய் பிளந்து பார்த்தான். ஒரு மனுஷனின் வாழ்க்கை ஊசலாடுகிறது... இந்தப் பொம்பளைக்கு மான் வேட்டை! ஷெரிஃப் தேர்தலில் இவளுக்குப் போய் ஓட்டுப் போட்டோமே என்று அவன் நொந்துகொண்டது முகத்திலேயே தெரிந்தது.

"நீங்க எதுக்கு ஷெரிஃப் சிரமப்படறீங்க..." ஓரின் காபியைக் கீழே வைத்தான். "நானே கழட்டி, எண்ணெய் போட்டு, நாளை மறுநாள் வீட்டுக்குக் கொண்டு வந்து தரேன்."

"சீசன் நாளைக்கு ஓரின். நீ வேற துக்கத்துல இருக்க. நானே பாத்துக்கறேன்."

கத்தி முனை முதல் சுற்றுக்கு அடியில் நுழைந்தது.

டப்!

ரப்பர் அறுந்து சுருண்டது. ஓரினின் கன்னம் துடித்தது.

டப்!

இரண்டாவது சுற்று. அவன் ஒரு அடி முன்னால் வந்தான்.

"ஷெரிஃப்... மெதுவா..."

"கல்லா இருக்கறதை எதுக்குய்யா மெதுவா எடுக்கணும்?"

கத்தி மூன்றாவது சுற்றைத் தொட்டது...

"நிறுத்துங்க! கழட்டாதீங்க! இன்னும் பிடிக்கல!"

அலறியவன் ஓரின். இரண்டு கைகளாலும் துப்பாக்கியின் கழுத்தைக் குழந்தையைத் தாங்குகிற மாதிரி தாங்கிக்கொண்டிருந்தான்.

அடுப்பில் விறகு வெடித்தது.

ஐடெல்லா கத்தியை உறையில் செருகினாள்.

"எது பிடிக்கல ஓரின்?"

"ப... பசை. குளிர் நாள் இல்லையா... சில சமயம் நேரமாகும்..."

"குளிரா? இந்த அடுப்புக்கு எனக்கு முதுகெல்லாம் வேர்த்து ஊத்துது. திங்கட்கிழமை ஒட்டினது வெள்ளிக்கிழமை வரைக்கும் பிடிக்கலையா? இல்ல... நேத்து ராத்திரி ஒட்டினது இன்னைக்குக் காலையில பிடிக்கலையா?"

ஓரின் துப்பாக்கியிலிருந்து கையை எடுத்தான்.

"எனக்குப் புரியல மேடம்" என்றான் டெரில். உண்மையைச் சொன்னான்.

"நேத்து சாயங்காலம் நார்பர்ட் எனக்கு போன் பண்ணினான். துப்பாக்கி முடிஞ்சுது, எண்ணெய் போட்டு ஆணியில மாட்டிட்டேன்னான். எண்ணெய் போட்டு முடிச்ச துப்பாக்கிக்கு யாராவது மறுபடியும் ரப்பர் சுத்துவாங்களா? ஆணியில இருந்தது ஸ்டாண்டுக்கு எப்படி வந்துச்சு? ராத்திரி அது திரும்பவும் உடைஞ்சிருக்கு. எது மேல பட்டு உடைஞ்சுதுன்னு பாரு!"

துப்பாக்கியைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினாள். தோளில் வைக்கிற இடத்தில் ஓர் இரும்புத் தகடு. பழைய துப்பாக்கிகளுக்கே உரிய மாதிரி, பிறையாக வளைந்து.

டெரில் தகட்டைப் பார்த்தான். பிணத்தைப் பார்த்தான். கடைசியாக டுவேனைப் பார்த்து அசடு வழிந்தான்.

"உடைஞ்ச துப்பாக்கியை ஒளிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது, ஓரின். உடைஞ்ச ரெண்டு துப்பாக்கிக்கு நடுவுல வச்சுட்ட. அட்டை வேற திங்கட்கிழமைன்னு சாட்சி சொல்லுது."

"நான் ஒண்ணும் பண்ணல ஷெரிஃப்! யாரோ வந்து..."

"சரி விடு. எனக்கு ஒரே வருத்தம்தான்..." ஐடெல்லா பெருமூச்சு விட்டாள். "நார்பர்ட் சொன்னது சரியாப் போச்சு. ஒட்டு ஒரு அடி கூடத் தாங்கல. அப்படியே விட்டுடுச்சு..."

"என் ஒட்டு விடல!"

ஓரின் வெடித்தான். முகம் ரத்தமாகச் சிவந்தது.

"என் ஒட்டு நூல் அளவு கூட அசையல! பக்கத்துல மரம்தான் பிளந்துச்சு! வேணும்னா பிரிச்சுப் பாருங்க... பழைய ஒட்டு அப்படியே இருக்கும்! புது விரிசல் அதுக்குப் பக்கத்துல ஓடும்! இத்தனை வருஷமா இந்தக் கடையில ஒவ்வொரு மரத்தையும் ஒட்டினது நான்! பேர் வந்தா அவனுக்கு... குறை வந்தா எனக்கு! நான் நிக்கறப்பவே உங்களுக்கு போன் போட்டு, ஒரு குண்டுக்கே வாயைப் பிளக்கும்ங்கறான்! தாங்குதா தாங்கலையான்னு நீயே பாருன்னு..."

நிறுத்தினான். ரொம்பத் தாமதமாக நிறுத்தினான்.

டெரில் டுவேனின் விலங்கைக் கழற்றி அதே சூட்டோடு ஓரினுக்கு மாட்டினான். டுவேன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். வெட்கமே படவில்லை. மூன்று பிள்ளைகளின் அப்பா திரும்பக் கிடைத்துவிட்டானே!

"ஓரின்... அவனைக் கொன்னப்புறம் ராத்திரி பூரா இங்கேயே உக்காந்து ஒட்டினியா?" டெரில் கேட்டான்.

"விரிசல்ல எண்ணெய் இறங்கியிருந்துச்சு. அதை எடுக்காம ஒட்டினா எப்படிப் பிடிக்கும்?"

"நார்பர்ட்?"

"கிடந்தான்."

டுவேன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஷெரிஃப்... நான் போகலாமா?"

"போ. நல்ல எல்க்கா பாத்து அடி."

"எதை வச்சு அடிக்கறது? என் துப்பாக்கிதான் ஜூலையிலேருந்து இங்கே பிரிஞ்சு கிடக்குதே!"

"மேல் தட்டுல இருக்கு டுவேன்" என்றான் ஓரின், வாசலிலிருந்து. "புதன்கிழமையே முடிச்சுட்டேன். அவன்தான் உன்கிட்ட சொல்லல."

டுவேன் எடுத்துப் பார்த்தான். கழுத்தில் விரலை ஓட்டினான். நகத்தில் எதுவும் தட்டவில்லை.

ஓரின் ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் திரும்பினான். ஐடெல்லாவின் கையிலிருந்த துப்பாக்கியை ஏக்கமாகப் பார்த்தான்.

"ஷெரிஃப்... ஒரே ஒரு வேண்டுகோள். அறுத்த இடத்துல ஒரு புது ரப்பரை இறுக்கிக் கட்டிடுங்க. நாளைக்கு வரைக்கும் அசைக்காதீங்க. இல்லேன்னா ஒட்டு வீணாப் போயிடும்."

ஐடெல்லா ஜீப்பின் கதவைச் சாத்தினாள்.

"கவலையே படாத ஓரின்! நீ வெளியே வர்றதுக்குள்ள கண்டிப்பா காஞ்சிடும்!"